மூச்சுக்கு மருந்து... வேலை சிறுநீரகத்தில்!

லே விமான நிலையத்தில் வந்திறங்கும் சுற்றுலாக் குழுவில் ஒருவர் மட்டும் மணிக்கொரு தரம் கழிப்பறையைத் தேடி ஓடினால், அவருக்குச் சர்க்கரை வியாதியோ என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. உயரத்தில் வரும் மலைநோயைத் தடுக்க, கிளம்புவதற்கு முந்தின நாளே டயமாக்ஸ் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கின்றன என்பார். மதியம் ஒரு சோடாவை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னப்பா இது, காஸே இல்லாத சோடா!” என்று முகம் சுளிப்பார். சோடாவில் குறை இல்லை. அதுவும் மாத்திரையின் வேலைதான்.

மூச்சுக்காகப் போடும் மாத்திரை சிறுநீரைப் பெருக்குவானேன்? சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் பலரிடம் இதற்கு ஒரு விடை தயாராக இருக்கும்: “உடம்புல இருக்கற தண்ணியை இறக்கிடும் சார். மூளையில நீர் கோத்துக்காது.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், உடம்பிலிருந்து இதைவிட வேகமாக நீரை இறக்கும் மருந்து ஒன்று உண்டு. இதய நோயாளிகள் வீட்டில் லாசிக்ஸ் என்ற பெயரில் அது பழக்கம். நீர் இறங்குவதுதான் விஷயமென்றால் அது டயமாக்ஸைத் தோற்கடித்திருக்க வேண்டும். மலைநோயைத் தடுக்க லாசிக்ஸை இன்று எந்த மலை மருத்துவரும் பரிந்துரைப்பதில்லை. எவ்வளவு நீர் போகிறது என்பதைவிட, அந்த நீரோடு சேர்ந்து எது போகிறது என்பதில்தான் டயமாக்ஸின் சூட்சுமம் இருக்கிறது.

காற்று அதேதான்

மேலே போகப் போக ஆக்ஸிஜன் குறைகிறது என்பது பாதி உண்மை. மெரினாவிலும் சரி, எவரெஸ்ட் உச்சியிலும் சரி, காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர் பாதரசம். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் 500-ஐ ஒட்டி இருக்கும். 5,500 மீட்டரில் பாதியாகிவிடும். எவரெஸ்ட் உச்சியில் 1981-ல் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழு அளந்தபோது 253 வந்தது. அழுத்தம் குறைந்தால், அதே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் குறைவு. லேயில் நாம் இழுக்கும் மூன்று மூச்சு சென்னையின் இரண்டு மூச்சுக்குச் சமம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் முன்னனுபவம் இருக்க வழியே இல்லை. மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. நம் மலைகளின் உச்சி எங்கே முடிகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் இந்த நோய் தொடங்குகிறது. ‘கொடைக்கானலுக்குப் பத்து தடவை போயிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்ற தைரியத்துக்கு இமயமலையில் மதிப்பில்லை.

ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும்

கழுத்தின் இருபுறமும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் கிளை பிரியும் இடத்தில், அரிசி மணியளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. காரோட்டிட் பாடி என்பார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருப்பது இதன் வேலை. விமானத்தின் கதவைத் திறந்த சில நிமிடங்களிலேயே இது விழித்துக்கொள்கிறது. ‘இன்னும் வேகமாக, இன்னும் ஆழமாக மூச்சு விடு’ என்று கட்டளை போகிறது. நாமும் விடுகிறோம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். வேகமாக மூச்சு விட்டால் ஆக்ஸிஜன் கூடுதலாக உள்ளே வரும். அதே வேகத்தில் கரியமில வாயு கூடுதலாக வெளியே போகும். கரியமில வாயு வெறும் கழிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ரத்தத்தின் அமில அளவை நிறுத்தி வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது போய்விட்டால் ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது. மூளைத் தண்டில் உள்ள மூச்சு மையம் ஆக்ஸிஜனைவிடக் கரியமில வாயுவையும் அமிலத்தையும்தான் அதிகம் நம்பும். அமிலம் குறைந்ததைப் பார்த்ததும், ‘போதும், மூச்சைக் குறை’ என்கிறது. கழுத்திலிருந்து ஒரு கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறது. மூளைத் தண்டிலிருந்து இன்னொரு கால் பிரேக்கை மிதிக்கிறது.

இந்த இழுபறி இரவில் அப்பட்டமாகத் தெரியும். முதல் ராத்திரி லே விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரைக் கவனித்தால் பயமாக இருக்கும். நாலைந்து மூச்சு பலமாக விடுவார். பிறகு பத்து விநாடிக்கு மேல் சத்தமே இருக்காது. பிறகு திடுக்கென்று விழித்து ஒரு பெருமூச்சு. பகலில் மூச்சு வாங்குவதைவிட இரவில் ஆக்ஸிஜன் இப்படிச் சரிவதே மறுநாள் காலைத் தலைவலியை மோசமாக்குகிறது. போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் தொடங்கும் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, கிறுகிறுப்பு எல்லாம் சேர்ந்ததுதான் மலைநோய். மருத்துவர்கள் அதை ஏ.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

பிரேக்கிலிருந்து காலை எடுக்க வைக்கும் வழி உடம்புக்குத் தெரியும். சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் கழித்துக் கட்ட ஆரம்பிக்கும். காரம் போனால் ரத்தம் நடுநிலைக்குத் திரும்பும், மூளைத் தண்டு சமாதானமாகும், மூச்சு தடையில்லாமல் பெருகும். ஆனால் சிறுநீரகம் நிதானமான ஆசாமி. வேலையை முடிக்கச் சில நாட்கள் எடுத்துக்கொள்வார். உயரத்துக்கு ‘உடம்பு பழகுவது’ என்று நாம் சொல்வதில் முதல் கட்டம் பெரும்பாலும் இதுதான்.

டயமாக்ஸ் நுழைவது இந்த இடத்தில். அதன் மருந்துப் பெயர் அசெட்டசோலமைடு. சிறுநீரகக் குழாய்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்றொரு நொதி இருக்கிறது. வடிகட்டி இறங்கும் பைகார்பனேட்டை வீணாக்காமல் ரத்தத்துக்கே திருப்பி அனுப்ப உதவுவது அதன் பணி. அசெட்டசோலமைடு அந்த நொதியை மடக்கிவிடுகிறது. பைகார்பனேட் திரும்ப வழியில்லாமல் சிறுநீரோடு போகிறது. கூடவே உப்பும் நீரும் போகின்றன. கழிப்பறை ஓட்டத்துக்கு அதுதான் காரணம். ரத்தம் லேசாக அமிலத்தன்மை அடைகிறது. அமிலத்தைப் பார்த்த மூச்சு மையம் இப்போது தானே மூச்சைக் கூட்டுகிறது. சிறுநீரகம் நாள்கணக்கில் செய்வதை மாத்திரை ஒரு நாளுக்குள் செய்து வைத்துவிடுகிறது. இரவு மூச்சு நின்று நின்று வருவதும் வெகுவாகச் சீரடைகிறது. இந்த மருந்து உடம்பில் வேறு சில இடங்களிலும் கைவைக்கிறது. ஆனாலும் தடுப்பின் பெரும்பகுதி இந்தச் சிறுநீரக வழியில்தான்.

மலைப்பயணிகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் ஒரு பயத்துக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ‘டயமாக்ஸ் போட்டா நோய் இருக்கறதே தெரியாம மறைச்சுடும்.’ இல்லை. வலிநிவாரணி போல அறிகுறியை அமுக்குவது அதன் வேலையே கிடையாது. இயற்கையாக நடக்கவிருக்கும் பழக்கத்தை அது முன்கூட்டி நடத்துகிறது. அதைப் போட்டும் தலைவலி வந்தால், ‘நீ ஏறிய வேகம் இந்த மாத்திரைக்கும் அதிகம்’ என்று உடம்பு நேரடியாகச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி நாக்கிலும் இருக்கிறது. சோடாவின் சுருக்கென்ற சுவையை நாம் உணர்வதில் அதற்குப் பங்கு உண்டு. நாக்கிலும் அது மடங்கிவிடுவதால்தான் சோடாவும் பீரும் உப்புச் சப்பில்லாமல் போகின்றன. முதல் இரண்டு நாள் மது வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் கேட்காதவர்களை இந்தப் பக்கவிளைவாவது தடுக்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

கிருமிக்கொல்லியின் வாரிசு

மலைக்காக யாரும் இந்த மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. 1930-களில் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லியைச் சாப்பிட்ட நோயாளிகளின் ரத்தம் அமிலமாவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அது கார்பானிக் அன்ஹைட்ரேஸை மடக்குகிறது என்பதை 1940-ல் மான், கெய்லின் இருவரும் காட்டினார்கள். பக்கவிளைவே பலனாகட்டும் என்று, நீர் கோத்த இதய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஷ்வார்ட்ஸ். 1950-ல் ராப்ளின், கிளாப் என்ற வேதியியலாளர்கள் அதைவிடப் பலமடங்கு வீரியமான அசெட்டசோலமைடை உருவாக்கினார்கள். கண்ணழுத்த நோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். மருந்துக் கடையில் டயமாக்ஸ் கேட்டால், “கண்ணுக்கா சார்?” என்று கடைக்காரர் கேட்பதும் அதனால்தான். மலையில் அதன் பலன் 1960-களில்தான் சோதனைகளில் தெரியவந்தது.

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரம் போகும் வழியில், 4,243 மீட்டரில் ஃபெரிச்சே என்ற கிராமம். பீட்டர் ஹாக்கெட்டும் சகாக்களும் அங்கே 278 மலைப்பயணிகளைக் கவனித்து, முடிவை 1976-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். 53 சதவீதம் பேருக்கு மலைநோய் இருந்தது. வயதில் இளையவர்களே அதிகம் மாட்டினார்கள். ஜிம் உடம்பு இங்கே கவசமாகாது. என்னைக் கவர்ந்தது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. 2,800 மீட்டர் உயர லுக்லாவுக்கு விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அசெட்டசோலமைடு பலன் தந்தது. அதே லுக்லாவுக்குக் கீழேயிருந்து நடந்தே வந்தவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. நடந்து வந்தவர்களின் உடம்பு மாத்திரை செய்யவேண்டிய வேலையை வழியிலேயே முடித்திருந்தது என்று படித்தால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

மூலிகை நல்லதா, மாத்திரை நல்லதா என்ற பட்டிமன்றத்துக்கும் எவரெஸ்ட் பாதையிலேயே தீர்ப்பு கிடைத்தது. 2004-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட சோதனை அது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கு மலைநோய். ஜிங்கோ மூலிகை சாப்பிட்டவர்களில் 35. அசெட்டசோலமைடு சாப்பிட்டவர்களில் 12. அந்த 12-ஐயும் மறக்க வேண்டாம். மாத்திரை போட்டும் எட்டுப் பேரில் ஒருவர் படுத்தார்.

சிப்பாய்க்கு ஆறு நாள்

உலக மருத்துவ நூல்களில் மலைநோய் அத்தியாயத்துக்கு நம் நாட்டின் பங்களிப்பு பெரியது. அது கிடைத்த விதம் சோகமானது. 1962 சீனப் போரின்போதும் அதன் பிறகும் சமவெளியிலிருந்து ராணுவ வீரர்கள் மொத்தம் மொத்தமாக 11,000 அடி முதல் 18,000 அடி வரை அனுப்பப்பட்டார்கள். பலர் தோட்டா படாமலே சரிந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் அப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி 1969-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரை, இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்கள் லாசிக்ஸ் கொடுத்துப் பார்த்தவர்கள்தான். அந்த வழி பின்னாளில் கைவிடப்பட்டது. அவர்கள் குறித்துவைத்த நோய் விவரங்கள் நிலைத்தன.

ராணுவம் பாடம் கற்றுக்கொண்டது. 9,000 முதல் 12,000 அடி வரையிலான முதல் கட்டத்தில் ஒரு வீரர் 6 நாள் இருந்து பழக வேண்டும். அடுத்த 3,000 அடிக்கு 4 நாள். அதற்கு மேலே போக இன்னும் 4 நாள். லே முதல் கட்டத்துக்குள் வருகிறது. தினமும் ஓடி உடற்பயிற்சி செய்யும் இருபத்தைந்து வயதுச் சிப்பாய்க்கே அங்கே 6 நாள். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் வரும் ‘லடாக் 6 இரவு, 7 பகல்’ விளம்பரத்தில் அதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. அதுவும் மூன்றாம் நாளே 5,359 மீட்டர் கர்துங் லா கணவாயில் நின்று போட்டோ எடுத்தாக வேண்டும். டயமாக்ஸ் இவ்வளவு பிரபலமானதற்கு மருந்தின் மகிமை ஒரு காரணமென்றால், நம் விடுமுறைகளின் நீளம் இன்னொரு காரணம்.

மறைக்கிற மருந்து, தாங்குகிற மருந்து

டயமாக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர்கள் சில சமயம் டெக்ஸாமெத்தசோன் தருவார்கள். கொரோனா காலத்தில் எல்லோர் காதிலும் விழுந்த அதே ஸ்டீராய்டுதான். மலைநோயை நன்றாகவே தடுக்கும். ஆனால் அது உடம்பைப் பழக்குவதில்லை. ரத்தக்குழாய்க் கசிவையும் வீக்கத்தையும் அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். மேலே இருக்கும்போதே திடீரென்று நிறுத்தினால் அமுங்கியிருந்த நோய் மொத்தமாகக் கிளம்பும். டயமாக்ஸ் மீது மக்கள் சுமத்தும் ‘மறைக்கும்’ பழி உண்மையில் பொருந்துவது இதற்குத்தான். சர்க்கரை நோயாளிகள் இதைச் சுயமாக விழுங்கினால் சர்க்கரை எங்கே போய் நிற்குமோ சொல்ல முடியாது.

மூளையைத் தாக்குவது ஒரு வகை என்றால், நுரையீரலில் நீர் கோப்பது வேறு வகை. ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகும். சிலருக்கு அளவுக்கு மீறி இறுகும். அழுத்தம் தாங்காமல் நுண்குழாய்கள் கசிந்து காற்றறைகளில் நீர் சேரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நிற்காத இருமல், முற்றினால் நுரைத்த சளி. இதற்கு டயமாக்ஸ் காப்பு என்று நம்ப ஆதாரம் போதாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின் இங்கே கைகொடுக்கிறது. இறுகிய குழாய்களைத் தளர்த்துகிறது. இத்தாலி–சுவிஸ் எல்லையில் 4,559 மீட்டரில் உள்ள மார்கெரிட்டா மலைக்குடிலில், முன்பே இந்நோய் கண்டவர்களை வைத்துப் பீட்டர் பெர்ட்ஷ் குழுவினர் செய்த சோதனை 1991-ல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 11 பேரில் 7 பேருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. நிஃபெடிபின் சாப்பிட்ட 10 பேரில் ஒருவருக்கு மட்டும். ஏற்கெனவே ஒரு முறை இப்படி ஆனவர்களுக்கான மருந்து இது. எல்லோரும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

அரை மாத்திரை, காலை மாலை

பெரியவர்களுக்கு இன்று பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 250 மில்லிகிராம் என்பதால் அரை மாத்திரை. ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி, தங்கப்போகும் உயரத்தை அடைந்த பிறகு இரண்டு நாளாவது தொடர்வது வழக்கம். மேலே மேலே போய்க்கொண்டே இருந்தால் நாள் கூடும். முழு மாத்திரை போட்டால் இருமடங்கு பாதுகாப்பு என்று கணக்குப் போடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருமடங்கு குறுகுறுப்பு.

யார் மருத்துவரைப் பார்க்காமல் போடக் கூடாது? சல்ஃபா மருந்துக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள், சிறுநீரக, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அதிக அளவில் ஆஸ்பிரின் எடுப்பவர்கள், ரத்த அழுத்தத்துக்காக ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கயிலாய யாத்திரைக்கு நம் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். இந்தப் பட்டியலின் கடைசி இரண்டு வகைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கக்கூடியவர்கள். மானசரோவர் ஏரியே 4,590 மீட்டர். பரிக்கிரமத்தில் கடக்கவேண்டிய டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர். இந்திய அரசு நடத்தும் யாத்திரையில் டெல்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை, வழியில் மலையிலேயே இன்னொன்று என்று இரண்டு தடை வைத்திருக்கிறார்கள். இரண்டாவதில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் அழுகையைப் பற்றி யாத்திரை போனவர்கள் சொல்வார்கள். அந்த மருத்துவர்கள் செய்வது சரி என்றே நினைக்கிறேன்.

கைக்குட்டையில் கற்பூரத்தை முடிந்து முகர்ந்துகொண்டே போகும் பழக்கம் நம் யாத்ரிகர்களிடம் உண்டு. மூக்கு திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சி இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறாது. லே கடைத்தெருவில் விற்கும் கைக்கு அடக்கமான ஆக்ஸிஜன் கேன் சில நிமிடத்துக்குத் தாங்கும், அதற்குமேல் காலி டப்பா. கொரோனாவின்போது வாங்கிய ஆக்ஸிமீட்டரை எடுத்துப்போய், ‘எனக்கு 86, உனக்கு எவ்வளவு?’ என்று விரலை மாற்றி மாற்றிப் பார்த்துப் பீதியடைவதும் வேண்டாத வேலை. முதல் நாள் லேயில் 90-க்குக் கீழே போவது சாதாரணம். எண்ணைவிட, ஆள் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் அது சாதாரணத் தலைவலியைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் எந்த மாத்திரையும் அதே இடத்தில் இருந்துகொண்டு போடுவதற்கு அல்ல. டெக்ஸாமெத்தசோன், ஆக்ஸிஜன் சிலிண்டர், ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றை அடித்து அழுத்தம் கூட்டும் காமோ பை எல்லாம் கீழே இறங்கும்வரை தாங்கிப் பிடிக்கத்தான்.

இறங்குவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். பாங்காங் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா பார்த்துவிட்டு எல்லோரும் ஒரு ராத்திரி தங்க ஆசைப்படும் இடம். உயரம் 4,250 மீட்டரை ஒட்டி. நள்ளிரவில் கூடாரத்தில் ஒருவருக்கு முடியாமல் போனால், நேரே லேக்குத் திரும்பும் சாலை சாங் லா கணவாயில் சுமார் 5,360 மீட்டர் ஏறித்தான் இறங்கும். கீழே போக வேண்டியவரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். உள்ளூர் ஓட்டுநர்களுக்கு இது தெரியும். கணவாயை நாடாமல், முதலில் தாங்சேக்கு இறக்குவார்கள். ஏரியைவிடச் சுமார் 300 மீட்டர் தாழ்வு, அந்த 300 மீட்டரே பல சமயம் போதும். அங்கிருந்து ஷியோக் ஆற்றோரச் சாலையைப் பிடித்தால் கணவாய் ஏறாமலே நுப்ராவுக்குப் போய்விடலாம். நுப்ரா பள்ளத்தாக்கு 3,100 மீட்டர்தான், லேயைவிடவும் தாழ்வு. லேயில் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, முதலில் நுப்ராவில் தூங்கி, பாங்காங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளும்படி பயணத் திட்டத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஏற்பாட்டாளர் முணுமுணுக்கலாம். பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிட்டால் மாற்றித் தருவார்.